கேரவன் வாசலில் ஒரு படி

விடுமுறையில் தங்கும் வீட்டு வண்டியான கேரவனுக்குள் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் இருக்கும். ஏறி உள்ளே போக மட்டும் ஒழுங்கான வழி இருக்காது!

இங்கே பிரிட்டனில் பெரும்பாலும் படியைத் தனியாகத்தான் வாங்கிப் போடுகிறோம். பிளாஸ்டிக் படியா? ஈரப் புல்லில் நகரும், ஓரத்தில் மிதித்தால் கவிழும். மடக்கும் இரும்புப் படியா? அதன் ஒல்லிக் கால்கள் மழைச் சேற்றில் ஒரு பக்கமாக இறங்கும். சரி, வண்டியோடு சேர்ந்த இழுப்புப் படி? சரிவான இடத்தில் வண்டியை மட்டப்படுத்தியதும் அந்தரத்தில் தொங்கும், இருட்டில் காலைப் பதம் பார்க்கும்.

அம்மாவுக்கு மூட்டு வலி. இறங்கும்போது கதவைப் பிடிக்கிறார், கதவு ஆடுகிறது, எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஒரு கைப்பிடி வைத்தால் குறைந்தா போய்விடும்?

கடையில் கேட்டால் 150 கிலோ தாங்கும் என்கிறார்கள். உயரம் எவ்வளவு? முழுப் பாதமும் பதியுமா? மழையில் வழுக்குமா? பதிலே கிடையாது. அதில் நாங்கள் ஏற்றப்போவது என்ன, அரிசி மூட்டையா?