வேலைக்கென்று பிறந்த கத்தியை அலுமாரியில் பூட்டலாமா?

சென்ற கிழமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள எங்கள் வயல்வட்டைக்குப் பசளை எறியப் போயிருந்தேன். யூரியாப் பையின் வாய்த் தையலை அறுக்கக் காற்சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்ததும், பக்கத்து வயல்காரரான மச்சான் என் கையைப் பிடித்துவிட்டார். "பசளைப் பை வெட்டவா மச்சான் இந்தக் கத்தி? லட்சத்துக்கு மேல போகும் எண்டு சொன்னியே!" என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான பதைப்பு. வரம்பில் நின்றுகொண்டு அவருக்கு முழுதாகச் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கத்தி அமெரிக்காவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் கொண்டுவந்து தந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் என்ற கத்தி வினைஞர் வடிவமைத்தது. விலை 400 டொலருக்கும் மேல். அவர் அதற்கு வைத்த பெயர் 'செபென்சா'. சூலு மொழியில் அதன் பொருள் 'வேலை' என்பதாகும். பிடி தைத்தேனியத்தால் ஆனது. திருகாணிகளைக் கழற்றி, உள்ளே புகுந்த மண்ணைத் துடைத்து, மீண்டும் பூட்டக்கூடிய விதத்தில்தான் அதை அமைத்திருக்கிறார்கள். மண்ணும் சேறும் படும் என்று எதிர்பார்த்துச் செய்த ஒன்றை மண் படாமல் காப்பது, செய்தவனின் உழைப்பை மதிப்பதாகாது என்பதே என் எண்ணம்.

நானும் தொடக்கத்தில் அப்படித்தான் காத்தேன். தோல் உறையில் இட்டு, துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வருடம் வைத்திருந்தேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் நம் எழுவான்கரையில் மாரிக்காலக் காற்று எப்படி இருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எடுத்துப் பார்த்தபோது அலகின் முதுகில் பழுப்பு நிறப் புள்ளிகள் இருந்தன. அந்த உருக்கில் கறளைத் தடுக்கும் குரோமியம் 14 சதவீதம் இருக்கிறது. ஆனாலும் கறள் மெதுவாகப் பிடிக்குமே தவிர, பிடிக்கவே பிடிக்காது என்பதில்லை. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரமும் உப்பும் அலகோடு ஒட்டியே கிடக்கும். நாள்தோறும் கையில் எடுத்து, வெட்டி, கழுவி, துடைத்து வைத்திருந்தால் அந்தப் புள்ளிகள் வந்திரா.

பசளையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எம்.ஓ.பி. என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைட்டு. எளிதில் கறள் பிடிக்காத இத்தகைய உருக்கின் காப்புப் படலத்தைக் கடல் உப்பு போலவே அதுவும் துளைக்கும். அந்தப் பையை வெட்டினால் வாய்க்கால் தண்ணீரிலாவது கத்தியைக் கழுவி உலர்த்திய பிறகுதான் மடக்க வேண்டும். நான் தவறாமல் அப்படிச் செய்கிறேன்.

முரட்டு வேலை வேறு, தவறான வேலை வேறு. நைலோன் கயிறு, சாக்கு, பம்பிக் குழாய், சிக்கிய வலை, கம்பு சீவுதல் ஆகிய யாவும் வெட்டும் வேலைகளே. கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். நெம்புவதும் அடிப்பதும் திருகுவதும் அப்படியல்ல. முன்பு என்னிடம் இருந்த வேறொரு கத்தியின் நுனியைப் பெயின்ட் ரின்னின் மூடியை நெம்பி முறித்துவிட்டேன். அந்தக் கவலை இன்னும் என்னிடம் இருக்கிறது. கூர் நீடிப்பதற்காகக் கடினமாக்கப்பட்ட உருக்கு, பக்கவாட்டில் வரும் விசையைத் தாங்காது. விலை கூடிய கத்தி என்பதால் அந்த இயல்பு மாறிவிடுவதில்லை. இளநீர் சீவ வீட்டில் பெரிய கத்தி இருக்கும்போது இதை எடுப்பதும் தவறுதான்.

தீட்டுவது சற்றுச் சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த உருக்கிலுள்ள வனேடியம் காபைட்டுத் துணிக்கைகள் சாதாரணத் தீட்டுக்கல்லை விடக் கடினமானவை, ஆகையால் வைரத்துகள் பதித்த தட்டில்தான் விரைவாகக் கூர் ஏறும். அப்பாவின் கத்திக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கொல்லர் ஒருவர் லொறி வில்லுத் தகட்டில் அடித்துக் கொடுத்த அதை, அப்பா கிணற்றடிக் கல்லிலேயே தீட்டுவார். அவர் காலமானபோது அதன் அலகு தேய்ந்து பாதி அகலமாகி இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் போல ஒழுங்காகப் பேணப்பட்ட பொருள் வேறொன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மச்சானின் பதைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சேற்றில் விழுந்தால் கிடைக்காது. அதற்காகப் பிடியில் சிவப்பு நைலோன் நூல் கட்டியிருக்கிறேன். இவ்வளவு பணம் கொடுத்து இப்படியொரு கத்தியை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பசளைப் பையை அறுக்க அப்பாவின் கத்தியே போதுமானது. ஆனால் கைக்கு வந்துவிட்ட பிறகு அதை வேலையிலிருந்து விலக்கி வைப்பதற்கு விலை ஒரு காரணமாகாது.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு, கத்தியைத் தந்த அந்தத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். வயல் வாடிக்கு அழைத்துப் போய் வத்தகைப்பழம் வெட்டச் சொல்லி, பிடி முழுக்கக் கீறல் விழுந்த அந்தக் கத்தியைத்தான் அவனிடம் கொடுப்பேன்.