உட்கார விட்டால் வியாபாரம் நின்றுவிடுமா?

"ஆளே கிடைக்கமாட்டேங்குது, வந்தாலும் மூணு மாசத்துல ஓடிப்போயிடறாங்க" என்று ஜவுளிக்கடைக்காரர்கள் புலம்புவதை எல்லா ஊரிலும் கேட்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் அக்கறை இல்லையாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முக்கால்வாசிப் பேர் வேலை பிடிக்காமல் ஓடவில்லை, உடம்பு தாங்காமல்தான் ஓடுகிறார்கள்.

என் பெரியம்மா மகள் ஒரு பெரிய கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறார். சேலையின் கரையை விரலால் தடவியே கோர்வையா, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி இழையில் நெய்து கோர்த்ததா, இல்லையா என்று சொல்லிவிடுவார். முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பத்தில் மாமியார் கேட்பது ஒன்று, பெண் மனதில் இருப்பது இன்னொன்று, இரண்டு பேர் முகமும் மலர்கிற மாதிரி ஒரு சேலையை எடுத்து விரித்துப் போடுவார் பாருங்கள், அதெல்லாம் தனிச் சாமர்த்தியம். அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத் தேடியே வருகிறவர்கள் உண்டு. அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் அவ்வளவு பெருமை. ஆனால் காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஈ காக்கா இல்லாத மத்தியானத்தில்கூட, மடித்த சேலையைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவார். கழிவறைக்கு அடிக்கடி போனால் கேள்வி வரும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது.

வேலையில் நிறைவு தருகிற விஷயங்கள் வேறு, வெறுப்பைக் கிளப்புகிற விஷயங்கள் வேறு என்று ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959லேயே எழுதினார். அக்காவைப் பார்த்தால் அது அப்படியே பொருந்துகிறது. வேலை அவருக்கு நிறைவைத் தருகிறது, வேலை வாங்குகிற விதம்தான் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. இதற்குப் போய் ஊக்கப் பேச்சாளரைக் கூட்டி வந்து பிரயோஜனமில்லை.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி பி. விஜியும் 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் முதலில் கழிவறைக்காக, அப்புறம் உட்காரும் உரிமைக்காகப் பல வருஷம் போராடிய பிறகு 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு இப்படி ஒரு விதி 1948லேயே வந்துவிட்டது, கடைப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்ததும் அக்கா கடையில் ஸ்டூல் வந்தது. தூணுக்குப் பின்னால் கிடக்கிறது. யாரும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். பழைய பட்டுக் கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதானே வியாபாரம் நடந்தது? அங்கே யார் மரியாதை குறைந்தது?

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஆடித் தள்ளுபடி நேரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைக்குள் வந்து பார்க்கட்டும். ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகாமல், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பெண்களிடம் பேசட்டும்.