ஹேண்ட்ஃபோர்த் வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஜாக்கி வீவரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கு நேரம். இங்கிலாந்தின் செஷயர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் ஜூமில் நடத்திய கூட்டத்தின் வீடியோ, 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. “இங்கே உனக்கு எந்த அதிகாரமும் இல்லை, ஜாக்கி வீவர்” என்று தலைவர் எகிற, கூட்டத்தை நடத்த உதவ வந்திருந்த அந்தம்மா அலட்டிக்கொள்ளாமல் தலைவரையே கூட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார். நம் வாட்ஸாப் குழுக்களிலும் வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து பாரிஷ் கவுன்சில் என்றாலே பொழுது போகாத பெரியவர்கள் சண்டை போடும் இடம் என்று நம்மாட்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருக்கிறேன். எங்கள் பாரிஷ் கவுன்சில் கூட்டங்களுக்கு, ஷிஃப்ட் இடம்கொடுக்கும்போதெல்லாம் போய்ப் பின்வரிசையில் உட்கார்வேன். உள்ளதைச் சொல்கிறேன்: சண்டையே கிடையாது. கொட்டாவிதான் வரும். ஆனால் அந்தக் கொட்டாவிக்குப் பின்னால் ஒரு கட்டுக்கோப்பு இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டது நமக்குத்தான் நஷ்டம் என்பது என் கருத்து.

முதலில், நம்மூர் ஊராட்சி மன்றத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். இங்கே சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்ட்டி கவுன்சில் கையில். வீட்டுக் குப்பையும் கட்டட அனுமதியும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கையில். அதற்கும் கீழே, ஆகக் கடைசிப் படியில் இருப்பதுதான் பாரிஷ் கவுன்சில். இங்கிலாந்து முழுக்க இப்படிச் சுமார் 10,000 இருக்கின்றன. தெருவிளக்கு, பேருந்து நிழற்குடை, பெஞ்சு, விளையாட்டுத் திடல், இடுகாடு, காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம், ஊர்க் கடிகாரம், குளம் குட்டை. அதிகாரம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஊரில் குண்டும் குழியுமாகக் கிடக்கும் சாலையைக்கூட அவர்களால் தொட முடியாது. கவுன்ட்டிக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரவில்லை என்று அடுத்த மாதம் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், பதியலாம்.

பெயரைப் பார்த்துச் சர்ச் விவகாரம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. 1894-க்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. பாதிரியாரும் பெரிய நிலக்காரரும் சேர்ந்து ஊரை நடத்தினார்கள். அந்த ஆண்டு வந்த உள்ளாட்சிச் சட்டம் அந்த வேலைகளைச் சர்ச்சிடமிருந்து எடுத்துத் தேர்தலில் வந்தவர்களிடம் கொடுத்தது. பண்ணைக் கூலிக்காரர் வேட்பாளராக நிற்கலாம், பெண்கள் நிற்கலாம், கல்யாணமான பெண்களும் ஓட்டுப் போடலாம் என்றது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1918-இல்தான். அதற்கு 24 வருடம் முன்பே, ஊர்க் குட்டையைத் தூர்வாருவது பற்றி முடிவெடுக்க அவர்கள் கை தூக்கியாகிவிட்டது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மூன்று முழு நாளுக்கு முன்பே அஜெண்டா நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது வெறும் அழைப்பிதழ் அல்ல, கவுன்சிலின் சம்பள அலுவலரான கிளார்க் கையெழுத்திட்டு உறுப்பினர்களுக்கு அனுப்பும் சட்டப்படியான சம்மன். முதல் விஷயம், வராதவர்களின் மன்னிப்பு. இன்னாருக்கு முழங்கால் ஆபரேஷன், இன்னார் ஸ்பெயினில் லீவில் இருக்கிறார் என்று வாசிப்பார்கள். மரியாதைக்கு வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். விஷயம் வேறு. ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம் இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து வராத உறுப்பினரின் பதவி தானாகவே போய்விடும். 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அந்த முழங்கால் மினிட்ஸில் ஏறுகிறது.

அடுத்தது, இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்த ஆதாயம் உண்டா என்ற கேள்வி. 2011-இல் வந்த சட்டப்படி, பணம் சம்பந்தப்பட்ட ஆதாயத்தை மறைப்பது கிரிமினல் குற்றம். இதைக் கேட்டு யாரும் பதறுவதில்லை. மாதாமாதம் கேட்பார்கள், மாதாமாதம் “இல்லை” என்பார்கள். எப்போதாவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒன்பதாவது விஷயம் என் தங்கை வீட்டுப் பக்கத்து நிலம்” என்பார். ஒன்பது வரும்போது எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவார்.

நமக்கெல்லாம் பின்வரிசையில் நாற்காலி கிடைப்பது எப்படி என்பதும் ஒரு தனிக்கதை. கூட்டங்களுக்குள் பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற சட்டம் 1960-இல் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போதுதான் எம்.பி. ஆகியிருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே இதைப் பற்றித்தான். அவருடைய மற்ற அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் இந்த ஒன்றுக்கு ஒரு கும்பிடு. 2014-இலிருந்து கூட்டத்தை வீடியோ எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு.

இனி ஒரு நிஜமான விவகாரம். ஊர் முடிகிற இடத்தில், வயலுக்குள் நடைபாதை தொடங்கும் மரக் கேட். நாய் கூட்டிப் போகிறவர்கள் கழிவைப் பையில் எடுத்துக் கட்டிவிட்டு, அந்தப் பையை அங்கேயே வேலியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். எடுத்தும் எடுக்காத கதை. ஒரு பாட்டி எழுந்து, அங்கே ஒரு தொட்டி வையுங்கள் என்றார். இதில் பேச என்ன இருக்கிறது, வைத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். கிளார்க் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

தொட்டி வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதைக் காலி செய்ய டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு வருடாவருடம் கட்ட வேண்டும், அதுதான் பெரிய செலவு. அடுத்து, கேட் இருப்பது வளைவில், குப்பை வேனை அங்கே நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டி வந்து மோதும். மூன்றாவது, தொட்டியை ஊன்ற வேண்டிய புல்விளிம்பு ஊருக்குச் சொந்தமில்லை, கவுன்ட்டியின் சாலைத்துறைக்குச் சொந்தம். அனுமதி வேண்டும். ஆக, பாரிஷ் வாங்கி, கவுன்ட்டி நிலத்தில் ஊன்றி, டிஸ்ட்ரிக்ட் காலி செய்ய வேண்டும். கொஞ்சம் தள்ளிப் பஸ் ஸ்டாப்பில் வைக்கலாமா என்றார் ஒருவர். அவ்வளவு தூரம் பையைச் சுமக்க முடிந்தவர்கள் வேலியில் ஏன் மாட்டப் போகிறார்கள் என்றார் பாட்டி. பஸ் ஸ்டாப்பை ஒட்டி வீடு வைத்திருக்கும் உறுப்பினர், தான் இதில் பேசுவது முறையாகாது என்று வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் கவுன்ட்டிக்குக் கடிதம் எழுதுவது, அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பது என்று தீர்மானம்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “ஒரு குப்பைத்தொட்டிக்கு இத்தனை ராமாயணமா” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டில் எதற்கு யார் பொறுப்பு, எந்தச் செலவு எங்கிருந்து வருகிறது, ஒரு சின்ன வேலை ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பேச்சில் எனக்குப் புரிந்தது. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த புத்தகத்தில் இது கிடைக்கவில்லை.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். பாரிஷ் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. அதுதான் பிரிசெப்ட். எவ்வளவு வேண்டும் என்று பாரிஷ் கவுன்சில் சொல்லும், டிஸ்ட்ரிக்ட் வசூலித்துக் கொடுக்கும். பெரிய கவுன்சில்கள் ஒரு வரம்பைத் தாண்டி வரியை ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும். பாரிஷ்களுக்கு இதுவரை அந்த வரம்பைப் போடவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சிலர் கை தூக்கினால் ஏறிவிடும். தொகை சின்னது என்பதால் யாரும் கேட்பதில்லை. குளிர்கால பட்ஜெட் கூட்டத்தில் பார்வையாளர் வரிசை காலியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். வரி ஏறிய பிறகு ஃபேஸ்புக்கில் பொங்குவதற்கு மட்டும் ஊரே திரண்டு வரும்.

அதே சமயம், கணக்கைத் திறந்து காட்டும் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் 30 வேலைநாள், ஜூலை முதல் பத்து வேலைநாளும் அதில் அடங்கும்படி, கணக்குப் புத்தகத்தை ஊர்க்காரர் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். நான் கேட்டேன். கிளார்க் ஒரு பெரிய ஃபைலை எடுத்து வைத்தார், டீயும் கொடுத்தார். புல் வெட்டியவர் பில், ஹால் வாடகை, இன்ஷூரன்ஸ், கிளார்க்கின் சம்பளம். நவம்பரில் போர் நினைவுச்சின்னத்துக்கு வைக்கும் பாப்பி மலர்வளையம். பக்கத்தில் “பிரிவு 137” என்று பென்சிலில் ஒரு குறிப்பு. வேறு எந்தச் சட்டத்திலும் இடமில்லாத செலவை இந்தப் பிரிவில்தான் செய்ய வேண்டும். அதற்கும் உச்சவரம்பு உண்டு: 2025-26-இல் அது வாக்காளர் ஒருவருக்கு 11 பவுண்ட் 10 பென்ஸாக இருந்தது. ஒரு மலர்வளையம் வாங்கக்கூட எந்தப் பிரிவில் வாங்கினோம் என்று எழுதி வைக்கிறார்கள். செக்கில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற விதி 2014 வரை சட்டத்திலேயே இருந்தது.

இப்படியே பாராட்டிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் என்பது பல ஊர்களில் பெயருக்குத்தான். இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் நிற்பதில்லை, அதனால் ஓட்டுப்பதிவே நடக்காது. இடையில் காலியாகும் இடத்துக்கு, பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால்தான் இடைத்தேர்தல். கேட்க ஆளில்லை என்றால் இருப்பவர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். கோ-ஆப்ஷன் என்பார்கள். யாரைச் சேர்ப்பார்கள்? தெரிந்தவரை, கூட கோல்ஃப் ஆடுகிறவரை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், வேறு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் விளைவு என்ன? ரிட்டயர் ஆன, சொந்த வீடு உள்ள, இரண்டு கார் வைத்திருப்பவர்களின் கவுன்சில் ஆகிவிடுகிறது. பஸ் நேரத்தைப் பற்றிப் பேசும்போது, பஸ்ஸில் ஏறியே பல காலம் ஆனவர்கள் பேசுகிறார்கள்.

புது வீடுகள் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். கட்டட விண்ணப்பம் வந்தால் பாரிஷின் கருத்தை டிஸ்ட்ரிக்ட் கேட்கும், முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்ட்தான். எங்கள் ஊரில் பெரிதோ சிறிதோ எதற்கும் எதிர்ப்பு. போக்குவரத்து, சாக்கடை, “ஊரின் தன்மை”. இளையவர்கள் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காமல் ஊரைவிட்டுப் போகிறார்கள், ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று இன்னொரு கூட்டத்தில் இவர்களே வருத்தப்படுவார்கள். எல்லாவற்றையும் எதிர்க்கிறவர் சொல்லை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

இங்கேதான் நம்மவர்கள் வர வேண்டும் என்கிறேன். நர்ஸாக, கேர் ஹோம் வேலைக்கு, டாக்டராக, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர்களாக இந்தச் சின்ன ஊர்களுக்கு நிறையப் பேர் வந்துவிட்டோம். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காமலே, செல்லுபடியாகும் விசாவில் இங்கே குடியிருந்தாலே வாக்காளராகப் பதிந்து ஓட்டுப் போடலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டால் வேட்பாளராகவே நிற்கலாம். அந்த பாரிஷுக்குள் வீடுகூட வேண்டாம், ஒரு வருடமாக மூன்று மைல் சுற்றளவில் குடியிருந்தால் போதும். இவ்வளவு திறந்து வைத்திருக்கும் கதவை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொங்கல் விழாவுக்கு ஹால் புக் செய்ய மட்டும் கிளார்க்குக்கு மெயில் போடுகிறோம்.

“நம்ம இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்கள்” என்று ஒரு அக்கா சொன்னார். அக்கா, வார்டில் முப்பது நோயாளிகளைச் சமாளிக்கிறீர்கள். தெருவிளக்கு எரியவில்லை, நைட் ஷிஃப்ட் முடிந்து நடந்து வர பயமாக இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும்? அந்த இருட்டில் நடந்து வருகிறவர் அந்த மேசையில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் பிரச்சினையே.

இப்போதே ஏன் சொல்கிறேன் என்றால், 2024 டிசம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு அடுக்கையும் கலைத்து, சுமார் ஐந்து லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில் பெரிய ஒற்றைக் கவுன்சில்களாக்கும் திட்டம். அது முழுசாக நடந்தால், நடந்து போய் நேரில் கேட்கும் தூரத்தில் மிஞ்சப்போவது பாரிஷ் மட்டும்தான். பூங்கா, கழிப்பறை என்று பெரிய கவுன்சில்கள் வேண்டாம் என்று கழற்றிவிடும் வேலைகளும் கீழேதான் வந்து விழும் என்று நினைக்கிறேன். வேலை கூடினால் பிரிசெப்டும் கூடும். அதை யார் கையில் விடப்போகிறோம்?

நீ ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். என் ஷிஃப்ட் மாதம் முழுக்கப் புரண்டுகொண்டே இருக்கிறது, ஆறு மாத விதியில் நானே காலியாகிவிடுவேன். பகல் வேலை கிடைத்ததும் நிற்பேன். உங்களில் மாலை நேரம் கையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இருவரும் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். 2023 மே மாதம் தேர்தல் நடந்த ஊர்களுக்கு வழக்கமான கணக்குப்படி அடுத்த முறை 2027-இல். நடுவில் உங்கள் ஊரில் காலியிடம் இருக்கிறதா என்று நோட்டீஸ் போர்டைப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். படிவத்தில் எங்காவது சிக்கினால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து நிரப்புவோம்.