எந்தச் சென்னை, எந்த வீடு, எந்த விலை?

சென்னையில் வீட்டு விலை ஏறுகிறதா, தேங்கி நிற்கிறதா? ஒரே மாதத்தில் மூன்று பத்திரிகையைப் புரட்டினால் மூன்று பதில் கிடைக்கும். ஒன்றில் சென்னை முன்னணி, இன்னொன்றில் பின்னடைவு, மூன்றாவதில் "நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்ற நகரம்". எதை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள் என்ற அந்த ஒரு வரி மட்டும் எதிலும் இருக்காது. கடனுக்கு வங்கி வங்கியாக ஏறி இறங்கும் பிள்ளைகள் இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இப்ப வாங்கலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். இருபது வருஷச் சம்பளம் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விலை. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பதிவுத்துறை ஆவணங்களிலிருந்து வருகிறது. தேசிய வீட்டுவசதி வங்கியின் விலைக் குறியீடான ரெசிடெக்ஸ், கடன் கொடுக்கும்போது வங்கிகள் போடும் மதிப்பை ஒரு கணக்காகவும், கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளின் விலையை இன்னொரு கணக்காகவும் வைத்திருக்கிறது. நைட் ஃபிராங்க், அனராக் போன்ற நிறுவனங்கள் தாங்களே தகவல் திரட்டுகின்றன. ரியல் எஸ்டேட்தான் அவர்களுக்குத் தொழில் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

பத்திரத்தில் இருக்கும் விலைதான் உண்மை என்று நினைத்தால், சென்னையில் அதிலும் சிக்கல். இங்கே புது ஃபிளாட் வாங்கியவர்கள் வெகுகாலம் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு, அதாவது யூடிஎஸ்ஸுக்கு, ஒரு கிரயப் பத்திரமும் கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தமும் போட்டார்கள். அந்தக் கிரயப் பத்திரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் வீட்டின் முழு விலை தெரியாது. 2023 டிசம்பரில்தான் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது. அதற்கு நடுவே, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் 33% குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். பலரும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் எழுதும் ஊரில், சந்தை அசையாமலே பத்திரத்து விலை ஏறும், இறங்கும்.

அடுத்து, எந்தச் சென்னை? மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிந்தது. நகருக்குள் இருக்கும் மயிலாப்பூரையும் வெகு தொலைவில் இருக்கும் ஒரகடத்தையும் ஒரே சராசரியில் போட்டால் அந்த எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. வளர்ச்சிப் பட்டியல்களின் நிலை இன்னும் மோசம். 2011க்குப் பிறகு பல வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லாமல், "வேகமாக வளரும் நகரம்" என்று வந்ததெல்லாம் மதிப்பீடுதான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது கணக்கில் வராத வீடுகளை நினைத்துத்தான். மடிப்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பழைய தனி வீட்டை இடித்து, இரண்டு கிரவுண்டில் ஸ்டில்ட் பிளஸ் த்ரீ. கீழே கார் நிறுத்தம், மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் ஆறு. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. பெரிய புராஜெக்டுகளையே பின்தொடரும் பட்டியலில் இந்த வீடுகள் எப்படி வரும்? ஆசிரியரும் குமாஸ்தாவும் வாங்குவது இந்த வீடுகளைத்தான்.

"கட்டுப்படியாகும் நகரம்" பட்டியலையும் பார்ப்போம். நைட் ஃபிராங்க் 2023 கணக்கில் குடும்ப வருமானத்தில் இஎம்ஐயின் பங்கு அகமதாபாத்தில் 21%, புனேயிலும் கொல்கத்தாவிலும் 24%, சென்னையில் 25%. நாலாவது இடம். அனராக் எடுத்துக்கொள்ளும் ஏழு நகரங்களில் அகமதாபாத் கிடையாது; அந்த ஏழுக்கு மட்டும் இதே கணக்கைப் போட்டால் சென்னை மூன்றாவது. ஆனால் இஎம்ஐ தொடங்குவதற்கு முன்னால் கைக்காசு வேண்டும். 60 லட்ச ரூபாய்க்கு மறுவிற்பனை ஃபிளாட், 80% கடன் என்றால் 12 லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அதற்கு 5.4 லட்சம். ஆக 17.4 லட்சம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதைச் சேர்க்க ஒரு குடும்பம் எத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டும் என்பது அந்த 25 சதவீதத்தில் இல்லை.

அரசே போடும் பட்டியலும் இப்படித்தான். மத்திய அரசின் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில் 2018இல் பெங்களூரு 58ஆம் இடம், சென்னை 14. 2020 பட்டியலில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்கு. பெங்களூரு இரண்டு வருஷத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களைத் தனியாகப் பிரித்தார்கள், மக்கள் கருத்துக்கு 30% மதிப்பெண் கொடுத்தார்கள். முறை மாறியது, இடமும் மாறியது.

பத்திரிகை நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தரவரிசை போடும்போது எந்த எல்லை, எந்த வகை வீடு, விற்பவர் கேட்ட விலையா பத்திரத்தில் பதிந்த விலையா, கணக்கெடுத்தவர் யார் என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். பதிவுத்துறையிடமும் ஒரு கோரிக்கை. வில்லங்கச் சான்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். அதே தகவலைப் பகுதிவாரியாக, ஃபிளாட் தனி, மனை தனி, சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வெளியிடுங்கள். ஆவணம் எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது.