மேசைக்கு அடியில் இருந்த கம்பி

"நம்ம ஊர் ஆட்களிடம் புதிதாக யோசிக்கும் பழக்கமே இல்லை" என்று தொழில் நடத்துகிறவர்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பிதான் நினைவுக்கு வரும்.

மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் நான்கு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். வேகவைத்த நீலக்கால் நண்டு ஐஸ் போட்டு வந்து இறங்கும். நீளமான ஸ்டீல் மேசையின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். துடுப்புக் காலை அசைக்கிற அந்தப் பெரிய சதைக்குத்தான் வெளிநாட்டில் நல்ல விலை. அது சிதையாமல் வர வேண்டும். மற்றபடி உடம்பின் சின்னச் சின்ன அறைகளில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கம்பெனி கொடுத்த கத்தி அதற்குள் நுழையாது. கூலியோ கிலோ கணக்கு.

ஒருநாள் ஓர் அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பியைப் பார்த்தேன். போக்ஸ் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியைத் தட்டித் தட்டையாக்கி, லேசாக வளைத்து, பிடிக்கும் இடத்தில் பழைய வலை நூலைச் சுற்றியிருந்தார். அறைக்குள் விட்டு ஒரு திருப்பு. சதை முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டில் ஒன்றும் மிச்சமில்லை. நான் என்ன செய்தேன்? பிடுங்கி வைத்துக்கொண்டு அபராதம் எழுதினேன். மேசையில் கம்பெனிக் கத்தியைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

விதி தப்பு என்று சொல்லவில்லை. கம்பி துருப்பிடிக்கும், ஏற்றுமதிச் சரக்கில் ஒரு துணுக்கு விழுந்தாலும் மொத்தமும் திரும்பி வரும். ஆனால் அதே வடிவத்தைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து தர முடியாதா என்று எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? தோன்றியது என்பதுதான் உண்மை. மேலாளரிடம் போய்ச் சொன்னால், "உன்னை மேசையைப் பார்க்கச் சொன்னேனா, பட்டறை வைக்கச் சொன்னேனா?" என்பார். அவருக்கு அவர் மேலே இருப்பவரிடம் பயம். அந்த மேலே இருப்பவருக்கு ஆடிட்காரர்களிடம் பயம். பயம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடைசியில் அந்த அக்காவின் அரைநாள் கூலியில் விழுந்தது.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து பயிற்சி நடத்திய பிறகு வாசலில் யோசனைப் பெட்டி ஒன்று வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் இரண்டு மிட்டாய்த் தாளும், "ஃபேன் ஓடவில்லை" என்ற சீட்டும். குறையே இல்லை என்று மேலாளருக்கு ஒரே சந்தோஷம். சீட்டு எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னதும் அவரேதான். ஃபேன் அதன்பிறகும் ஓடவில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறை வாய்விட்டுச் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்று பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. இதைப் படித்த அன்று எங்கள் யோசனைப் பெட்டியை நினைத்துச் சிரித்தேன்.

அதே கரையிலிருந்து நூறு அடி தள்ளி வல்லம் என்கிற மீன்பிடிப் படகில் ஏறினால் கதை வேறு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு பிரிக்கிறார்கள். மீன்பாடு இல்லையென்றால் எல்லாருக்கும் இல்லை. அதனால் புதிதாக ஏறிய பையன் "நீவாடு (நீரோட்டம்) மாறுகிறது, வலையைக் கொஞ்சம் தள்ளி விடலாம்" என்றால் படகை நடத்தும் மண்டாடி திட்டிக்கொண்டேயாவது காது கொடுப்பார். (கடல் தொழிலைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவன் அங்கேயும் வாயைத் திறப்பதில்லை.)

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு துடுப்பாக்கிக்கொண்டார்களே, அதற்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம் பாம்பன் சின்னப்பாலத்துக் கடற்பாசி எடுக்கும் பெண்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் பிழைப்பே கேள்விக்குறியானது. அவர்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்பைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. விருதை விடுங்கள். வருமானத்தைக் குறைத்துக்கொள்ளும் யோசனை ஒன்றைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒருத்திக்குத் துணிச்சல் வந்திருக்கிறது, மற்றவர்கள் அவளை உட்கார வைக்கவில்லை. எங்கள் மேசையில் இருந்தவர்களும் அதே கரைப் பெண்கள்தான். வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அவர்களுக்கு மூளை குறைந்துவிட்டதா என்ன?

அபராதத்துக்குப் பிறகு கம்பி ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வேலையை விடுவதற்குச் சில நாள் முன்பு மேசைக்கு அடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். மேசைத் தகட்டின் உள்மடிப்பில், ஒவ்வோர் இருக்கைக்கும் நேராக, ஒரு கம்பி செருகியிருந்தது. இருபத்தி இரண்டு எண்ணினேன். நூலின் நிறம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். அபராதம் போட்டதற்கு இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதை வளைத்தது நான் இல்லை தம்பி. எதிரே உட்கார்ந்திருந்த என் மதினி. நீங்கள்கூடச் சொல்வீர்களே, வாயில்லாப் பூச்சி என்று."