பிரவுன் வழக்கு தனி ஆளின் வழக்கு அல்ல

"ஒரு அப்பா மகளுக்காகத் தனியாகக் கோர்ட்டுக்குப் போனார், 1954-ல் அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பாகுபாடு ஒழிந்தது" என்று பிரவுன் வழக்கைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்பதை எதிர்த்து வழக்குப் போட்ட 13 பெற்றோரில் ஆலிவர் பிரவுன் ஒருவர். அவர்களைத் திரட்டியது கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அதன் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் 1930-களிலேயே வழி வகுத்துவிட்டார்: முதலில் சட்டக் கல்லூரிகள், பிறகுதான் குழந்தைகளின் பள்ளிகள். 1938-ல் மிசூரி, 1950-ல் டெக்சஸ் மாநிலச் சட்டக் கல்லூரி வழக்குகள் என்று ஒவ்வொரு தீர்ப்பையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். பிரவுன் வழக்கில் 4 மாநிலங்களின் வழக்குகள் சேர்ந்தே இருந்தன. தலைமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், ஹூஸ்டனின் மாணவர். இத்தனை பேரின் உழைப்பு ஒரே வரியில் காணாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாகுபாடும் அன்றே ஒழியவில்லை. 1957-ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைய ராணுவம் வரவேண்டியிருந்தது.