கோவளம் சர்ஃபிங் பத்தி ஒரு வார்த்தை

சர்ஃபிங் பத்தின உங்க கட்டுரை சூப்பர், ஆனா சர்ஃபிங்னா (போர்டு மேல நின்னு அலைல சறுக்கற விளையாட்டு) ஏதோ பணக்காரப் பசங்க வீக்கெண்ட் பொழுதுபோக்குங்கற மாதிரி எழுதிட்டீங்க, சென்னை பக்கம் ஈசிஆர் கோவளத்துல கதையே வேற. மூர்த்தி மேகவன் மீனவர் வீட்டுப் பிள்ளை, போர்டெல்லாம் கைல இல்லாதப்பவே மரப்பலகைல அலை ஏறிப் பழகினவரு, அப்புறம் குப்பத்துப் பசங்களுக்கு காசு வாங்காம சொல்லிக்கொடுத்தாரு. 2012ல தொழிலதிபர் அருண் வாசுவும் கூட சேர்ந்து அது கோவ்லாங் பாயிண்ட் சர்ஃப் ஸ்கூலா ஆச்சு. தண்ணி, சிகரெட் கூடாது, பசங்க ஸ்கூலுக்கு ஒழுங்கா போகணும், அதான் கண்டிஷன் (நம்மூர்ல எந்த கிளப்ல இப்படி இருக்கு சொல்லுங்க!).

காலைல கரைக்காத்து (கரைலேர்ந்து கடல் பக்கம் போற காத்து) அடிக்கறப்ப போய் பாருங்க, அலை மடிப்பு கலையாம நீளமா ஓடும், பக்கத்துலயே வலை காயும், போர்டுக்கு மெழுகு தேய்ச்சிக்கிட்டே ஒருத்தன் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லிடுவான், அதெல்லாம் அப்பன் தாத்தன் கூட கட்டுமரத்துல போய் கத்துக்கிட்டது சார், எந்த கோச்சும் சொல்லித்தர முடியாது. மதியம் கடல்காத்தா திரும்பிட்டா அலை கலங்கிடும். புதுசா கத்துக்கப் போறவங்க விடிகாலைலயே போயிடுங்க, நவம்பர் மழைல மட்டும் வேணாம்.